லயக்காம்பராவும் துரை பங்களா மேசையும்: லுணுகலைப் பகுதித் தோட்டங்களின் உண்கலங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் ஆள்வோரையும் சட்டங்களையும் ஏற்றுமதிக் கணக்குகளையும் நோக்குவதே வழக்கமாகிவிட்டது. மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாறும் இதற்கு விலக்கன்று. கோப்பியின் எழுச்சி, அதன் வீழ்ச்சி, தேயிலையின் வருகை, கங்காணி முறை, குடியுரிமைப் பறிப்பு என்று அதன் அத்தியாயங்கள் பலராலும் எழுதப்பட்டுள்ளன. ஆயின், அத்தோட்டங்களிலே வாழ்ந்த ஒரு குடும்பம் எதிலே உண்டது, எதனாற் பரிமாறியது, எத்தனை கலங்களைத் தன்னுடையவை என்று சொல்லத்தக்க நிலையிலிருந்தது என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை. இவை அடுக்களை வினாக்கள் என ஒதுக்கப்பட்டமையே காரணமாகலாம். அடுக்களையிலேதான் கூலியும் கடனும் சட்டமும் இறுதியாக வந்து சேர்கின்றன என்பதை ஒதுக்கியோர் எண்ணிப் பார்த்திலர்.

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் வீதியிலே அமைந்தது லுணுகலை. சிங்களத்தில் 'லுணு' என்பது உப்பு. 'கல' என்பது பாறை. அதனைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களும், அயலிலுள்ள மடுல்சீமைத் தோட்டங்களும், இவற்றின் ஓரமாகக் கிடக்கும் பழைய கண்டிச் சிங்களக் கிராமங்களும் மூன்று வகையான உண்ணும் முறைகளை மிக அண்மையில் வைத்துப் பார்க்க இடந்தருகின்றன. கிராமத்து மண்சட்டி, துரை பங்களாவின் வெள்ளி முலாமிட்ட முள்ளுக்கரண்டி, லயத்தின் பித்தளை வட்டில் ஆகிய மூன்றும் ஒரே மலைச்சரிவிலே இருந்தவை.

இன்று நகரக் கடையொன்றிலே வீட்டுக்கு நல்ல கரண்டித் தொகுதி வேண்டுமென்று கேட்பவருக்குப் பெரும்பாலும் ஒரு பெட்டியே காட்டப்படும். அதனுள் கத்தி ஆறு, முள்ளுக்கரண்டி ஆறு, மேசைக்கரண்டி ஆறு, தேக்கரண்டி ஆறு என இருபத்து நான்கு உருப்படிகள் இருக்கும். சோற்றைக் கையாற் பிசைந்து உண்ணும் வீட்டிலே ஆறு கத்திகளுக்கு வேலை யாது என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை. அப்பெட்டி எவருடைய மேசையை நினைத்து உருவாயிற்று என்பதிலிருந்தே இவ்விடயத்தை ஆராயத் தொடங்குதல் தகும்.

கண்டி இராச்சியத்திலே 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681-இல் வெளியான தமது நூலிலே மலைநாட்டு மக்களின் வீட்டுப் பொருள்களை விவரித்துள்ளார். சில மண்பாண்டங்கள், உண்பதற்கான பித்தளைக் கலம் ஒன்றிரண்டு, சோறு எடுப்பதற்குச் சிரட்டை அகப்பை என்ற அளவிலேயே அப்பட்டியல் அடங்கிவிடுகின்றது. அவர்கள் மேசையின்றி, கரண்டியின்றி, வலக்கையால் உண்டனர் என்பதையும் அவர் குறித்துள்ளார். இதனைக் குறித்த ஆங்கிலேயரின் நாட்டிலேயே முள்ளுக்கரண்டி அப்பொழுது புதுப்பொருள் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இத்தாலியரின் முள்ளுக்கரண்டிப் பழக்கத்தை 1611-இல் வெளியான பயண நூலிலே வியந்து எழுதி, ஊரவரின் பரிகாசத்துக்கு ஆளானவர் தோமஸ் கொறியற் என்பவர். அவர் பின்னர் கால்நடையாகவே இந்தியாவை அடைந்து 1617-இல் சூரத்திலே காலமானார். ஆகவே மேசைக் கரண்டியைத் தொன்மையான நாகரிகத்தின் சின்னமெனக் கொள்வதற்கு வரலாற்றில் அவ்வளவு ஆதாரமில்லை.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பங்களா மேசை உண்மையில் உருப்பெற்றது. 1840-ஆம் ஆண்டளவில் பேர்மிங்காம் நகரத்து எல்கிங்ரன் நிறுவனத்தார் மின்முறையால் வெள்ளி முலாம் பூசுவதற்கு உரிமம் பெற்றனர். அதுவரை பிரபுக்களின் மேசையில் மட்டுமிருந்த வெள்ளிக் கரண்டியின் தோற்றத்தை நடுத்தர வகுப்பினரும் வாங்க முடிந்தது. மீனுக்கு ஒரு கத்தி, பழத்துக்கு ஒரு கத்தி, இனிப்புக்கு ஒரு கரண்டி என உருப்படிகள் பெருகின. தாய்நாட்டிலே நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தவர் ஊவா மலையிலே துரையாகி, அத்தொகுதி முழுவதையும் மேசையிலே பரப்பக்கூடியவரானார். துலக்குவதற்கும் எண்ணிவைப்பதற்கும் ஆட்கள் இருந்தமையே அதற்குக் காரணம். ஆப்பு என அழைக்கப்பட்ட தலைமைப் பணியாளரின் பொறுப்பிலே கரண்டிகள் இருந்தன. ஒன்று குறைந்தால் விசாரணை நடக்கும். பணியாளர் உண்டது வேறு கலத்திலே.

இம்மேசையைச் சூழ்ந்த சொற்கள் தனியாக ஆராயத்தக்கவை. மேசை, கோப்பை, குசினி ஆகியன போர்த்துக்கேயர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. லயத்து அறையைக் குறிக்கும் காம்பரா என்பதும் அவ்வழி வந்ததே. அதன் முன்புறத்து இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது. பீங்கான் பாரசீகத் தொடர்புடைய சொல். முள்ளுக்கரண்டியைச் சிங்களம் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாகவே ஏற்றுக்கொண்டது. தமிழோ தன்னிடமிருந்த கரண்டிக்கு முள்ளைச் சேர்த்துப் பெயரிட்டது. அகப்பை, வட்டில், செம்பு, தவலை, குடம் என்பன எவரிடமும் கடன்வாங்கப்படாதவை. லயத்திலே புழங்கியவை இப்பெயர்களே. அறையின் பெயர் அந்நியமாகவும் அதனுள் இருந்த கலங்களின் பெயர் தமிழாகவும் அமைந்தமை தற்செயலானதன்று. அறை தோட்டத்துக்குரியது, கலங்கள் குடும்பத்துக்குரியவை.

கோப்பிக் காலத் தொழிலாளி பெரும்பாலும் பருவகாலத்து வருகையாளனாகவே இருந்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என நடந்து வந்தவன் தூக்கிச் சுமக்கக்கூடியது மிகச் சிறிதே. ஒரு கூட்டத்துக்கு ஒரு சோற்றுப்பானை, ஆளுக்கு ஒரு செம்பு என்பதற்கு மேல் அந்நடைக்குத் தாங்காது. வழிச்செலவும் கம்பளியும் அரிசியும் கங்காணியின் கணக்கிலே கடனாக எழுதப்பட்டன. அறுவடை முடிந்ததும் திரும்பிப் போகும் எண்ணமுடையவனுக்கு வீட்டுப் பாத்திரம் என்ற தேவையே எழவில்லை.

இந்நிலையை மாற்றியது ஒரு நோயே. கோப்பி இலைகளைத் தாக்கிய துருநோய் இலங்கையில் 1869-இல் முதன்முதலாக இனங்காணப்பட்டது லுணுகலைக்கு அயலிலுள்ள மடுல்சீமைப் பகுதியிலே ஆகும். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிலே தேயிலையைப் பயிரிட்டிருந்தார். அடுத்த இரு தசாப்தங்களிலே கோப்பி அழிந்து தேயிலை பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் தங்க வேண்டும். பெண்கள் வந்தபோது அடுப்பு வந்தது; அடுப்போடு அம்மியும் தவலையும் குடமும் வந்தன. தேயிலைப் பொருளாதாரம் பற்றிய நூல்கள் ஏக்கர்க் கணக்கையும் இறாத்தற் கணக்கையும் தருகின்றன. அம்மாற்றத்தின் மறுபக்கம் லயத்து அடுப்பங்கரையிலே நிகழ்ந்தது.

அவ்வடுப்பங்கரையின் அளவு நோக்கத்தக்கது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பரா ஒன்றே ஒரு குடும்பத்தின் வதிவிடம். சமையலும் உறக்கமும் அதற்குள்ளேயே நிகழ்ந்தன. மேசை வைக்க இடமில்லை. அலுமாரி வைக்க இடமில்லை. ஒன்றனுள் ஒன்று அடங்கும் கலமே அங்கு ஏற்ற கலம். புகையும் கரியும் சூழ்ந்த இடத்திலே உடையும் பீங்கானுக்கு வாழ்வில்லை. தரையிலே அமர்ந்து உண்ணும்பொழுது விளிம்பு உயர்ந்த வட்டிலே குழம்பைத் தாங்கும். விடியுமுன்னரே பிரட்டுக்களத்துக்குச் செல்ல வேண்டியவர்களுக்கு மலைக்குக் கொண்டுபோகும் உணவு கலம் வேண்டாததாகவும் இருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி தட்டுப்பட்டுக் கோதுமை மா பரவிய பின்னர், துணியிற் சுற்றிய ரொட்டியும் சம்பலும் போத்தலிலே அடைத்த சாயத் தண்ணீரும் அத்தேவையை நிறைவு செய்தன. கத்தி மட்டும் லயத்தில் இருந்தது. அது கவ்வாத்துக் கத்தி. மேசைக்குரியதன்று, தேயிலைச் செடிக்குரியது.

பித்தளை விரும்பப்பட்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அது நெளியும், உடையாது. நெளிந்தாலும் எடைக்கு விலை பெறும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் பித்தளைக் கலத்தைச் சீர்வரிசைப் பொருளாகவே அறிந்திருந்தனர். வங்கியோ அஞ்சலகச் சேமிப்போ எட்டாத நிலையில் ஒரு குடமும் இரண்டு தவலையும் குடும்பத்தின் முதலீடாயின. நோய் வந்தால் அடகுக்கடைக்குப் போகும், சம்பளத்திலே மீளும், சில வேளை மீளாது. பெண்களின் கூலி ஆண்களின் கூலியை விடக் குறைவாகவே 1984 வரை இருந்தது. அவர்தம் பெயரிலே உண்மையாக இருந்த உடைமை அநேகமாக இக்கலங்களே எனலாம். கலத்தின் கழுத்திலே சிறு உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது வழக்கம். எழுத்தறியாத பெண்ணொருத்தியின் பெயர் எழுத்திலே நிலைத்தது அப்பித்தளையில்தான்.

இதற்கு எதிர்நிலையில் இன்னோர் உலோகத்துண்டும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தமிழகக் கரையிலிருந்து புறப்படும் தொழிலாளருக்குத் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரவில்லை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதிலே பெயர் இல்லை. கழுத்திலே எண் தாங்கிய தகரமும், தலைச்சுமையிலே பெயர் தாங்கிய பித்தளையுமாக ஒருத்தி கடல் கடந்திருத்தல் கூடும்.

பித்தளைக்குக் குறைகளும் உண்டு. புளி சேர்ந்த உணவை அதில் வைத்தால் களிம்பேறும். ஈயம் பூச வேண்டும். பூசியது தேய்ந்தால் மீண்டும் பூச வேண்டும். இக்குறையைப் பயன்படுத்தி நுழைந்தது அலுமினியம். மின்பகுப்பால் அதனைப் பிரித்தெடுக்கும் முறை 1886-இல் கண்டறியப்பட்டதும் விலை வீழ்ந்தது. 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியிலே அல்பிரட் சற்றற்றன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடக்கினார். 1900-இல் அதற்கெனத் தனி நிறுவனமும் எழுந்தது. இலேசானது, மலிவானது, விறகைச் சிக்கனப்படுத்துவது என அதற்குப் பல நலன்கள். எனினும் அடகுக்கடையிலே அதற்கு மதிப்பில்லை. எனாமல் பூசிய இரும்புக் கோப்பைகளும் இவ்வாறே பரவின. விளிம்பிலே நீலக்கோடிட்ட வெள்ளைக் கோப்பை பார்வைக்குப் பங்களாப் பீங்கானை நினைவூட்டும். ஒருமுறை கீழே விழுந்து பூச்சு உதிர்ந்தால் அவ்விடத்திலே துரு ஏறும். பால்மாப் பேணியும் மண்ணெண்ணெய்த் தகரமும் இவற்றோடு சேர்ந்து குவளையாகவும் வாளியாகவும் பணிபுரிந்தன. 1924-இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டிய பின்னர் இத்தகைய தொழிற்சாலைப் பொருள்கள் ஊவாக் கடைவீதிகளுக்கு வருவது எளிதாயிற்று.

கலம் எல்லோரையும் ஒன்றாக நடத்தியது என்று கருதுதல் தவறாகும். யாழ்ப்பாணத்து மூக்குப்பேணி உதடு படாமல் அருந்துவதற்கென அமைந்தது. தாழ்த்தப்பட்டோருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் ஊற்றிய கடைகள் வடபுலத்திலே நெடுங்காலம் இருந்தன. அவ்வழக்கங்களைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957-இலேதான் நிறைவேறியது. மலையகத்திலே ஒரே கொழுந்துக் கூடையைச் சுமந்தோரிடையேயும் பெரியகங்காணி வீட்டுச் செம்பு எல்லோர் கையிலும் கொடுக்கப்படவில்லை. துரையின் கரண்டியைப் பற்றி மட்டும் பேசி இதனை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயங்களிலே அச்சான்று கிடைப்பது எளிதன்று. மூன்று தலைமுறையாகக் காம்பராவிலிருந்த குடத்திலே வெட்டிய பெயர் சட்டம் கேட்ட சான்றன்று. 1964 ஒக்ரோபர் 30-ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974-ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரித்தது. வெளியேறும் குடும்பமொன்று கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படலாகாது என்ற ஏற்பாடும் 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தது. எதைக் கட்டுவது, எதை விற்பது, எதை அயற்காம்பராவுக்குக் கொடுப்பது என்ற முடிவுகள் பெட்டி கட்டும் இரவுகளிலே எடுக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து தலைச்சுமையாக வந்த கலம் தலைமன்னார்க் கப்பலிலே திரும்பிப் போயிருத்தலும் கூடும்.

போகாதோரின் கலங்களும் தப்பவில்லை. 1973, 1974-ஆம் ஆண்டுகளிலே உணவுப்பங்கீடு சுருங்கித் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது, நகையையடுத்து விற்கப்பட்டவை பாத்திரங்களே. அரை நூற்றாண்டாகச் சேர்ந்த பித்தளை சில மாதங்களிலே எடைக்குப் போயிற்று. 1983 யூலையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தன. இவ்வரிசையிலே நோக்குமிடத்து, இன்றைய மலையக வீடுகளிலே பழைய கலங்கள் அருகிக் காணப்படுவதை வெறும் நாகரிக மாற்றம் எனக் கொள்ளமுடியாது.

அவ்வெற்றிடத்தை நிரப்பியது துருவேறா உருக்கு. 1913-இல் செபீல்ட் நகரத்து ஹரி பிறியளி, துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற உருக்கைத் தேடுகையிலே குரோமியம் கலந்த உருக்கு கறைபடாதிருத்தலைக் கண்டார். அதனைக் கத்திக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமும் அந்நகரிலேயே பிறந்தது. தமிழர் அதற்கு எவர்சில்வர் என்று பெயரிட்டு வட்டிலாகவும் குடமாகவும் மாற்றிக்கொண்டனர். 1977-இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தமையால் அது இலங்கைக் கடைகளிலே குவிந்தது. அதே காலந்தொட்டுப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் பணிக்குச் செல்லலாயினர். பாட்டி பங்களாவிலே துலக்கிய முள்ளுக்கரண்டியைப் பேத்தி வேறொரு நாட்டிலே துலக்கினாள். ஆயின் இவள் திரும்பும்போது கையிலே ஒரு பெட்டியும் வந்தது. இருபத்து நான்கு உருப்படிகள் கொண்ட அப்பெட்டி கண்ணாடி அலுமாரியிலே வைக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்தாமை அறியாமையன்று. எண்ணித் துலக்கியவள் எண்ணாமல் வைத்திருக்கும் உரிமையை அது குறித்தது.

எனினும் நாளாந்தப் பாவனைக்கு எது நல்ல தொகுதி என்ற வினா எஞ்சுகின்றது. உலோகத்தின் தரத்தை முதலில் நோக்குதல் வேண்டும். 18/8 என்று பொறிக்கப்பட்டது குரோமியம் 18 வீதமும் நிக்கல் 8 வீதமும் கொண்டது. அது புளியையும் உப்பையும் நன்கு தாங்கும். நிக்கல் இல்லாத 18/0 வகை காந்தத்திலே உறுதியாக ஒட்டும். காந்தத்தில் ஒட்டாதது எல்லாம் உயர்ந்ததென்று சில கடைக்காரர் கூறுவது முழு உண்மையன்று. நிக்கலைக் குறைத்து மங்கனீசைச் சேர்த்த மலிவு வகையும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. அது விரைவிலே கறைபடும். கத்தியின் அலகோ நிக்கலின்றி இருத்தலே முறை, அல்லாவிடிற் கூர் நில்லாது. ஆகவே கத்தி காந்தத்தில் ஒட்டுவது குறையன்று. கரண்டியின் கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். வளைவது சோற்றுப்பானைக்கு உதவாது. விளிம்பை விரலாலே தடவினால் வெட்டுத்தடம் தட்டுப்படலாகாது. கைப்பிடியிலே மரமோ பிளாஸ்திக்கோ பொருத்தியவை இணைப்பிலே நீர்புகுந்து கெடும். ஒரே தகட்டில் அமைந்தவை நிலைக்கும். எந்த உருக்கும் உப்புநீரிலே இரவு முழுவதும் ஊறினாற் புள்ளி விழும். உப்புப் பாறையின் பெயர் தாங்கிய ஊரினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையிலே பங்களாவின் கணக்கைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆளுக்கொரு வட்டில், ஆளுக்கொரு குவளை, பரிமாறுவதற்குச் சோற்றுக்கரண்டி, குழம்புக் கரண்டி, துளைக்கரண்டி, நோயாளிக்கும் குழந்தைக்கும் விருந்தினர்க்கும் மேசைக்கரண்டி ஆறு, தேக்கரண்டி ஆறு, காய்கறிக்கு நல்ல கத்தி ஒன்று; இவற்றைத் தனித்தனியாகத் தெரிந்து வாங்கினால் பெட்டியின் விலைக்குள் மேலான தரம் கிடைக்கும். முள்ளுக்கரண்டி விரும்புவோர்க்கு இரண்டு போதும். சூடான சட்டியின் அடியைச் சுரண்டாமல் கிளறுவதற்கு இன்றும் மர அகப்பையே சிறந்தது. நொக்ஸ் கண்ட சிரட்டை அகப்பையின் வழித்தோன்றல் அது.

அண்மைக் காலத்திலே இந்திய உதவியோடு ஏழு பேர்ச்சஸ் காணியிலே கட்டப்பட்ட 550 சதுர அடி வீடுகள் ஊவாத் தோட்டங்களிலும் எழுந்துள்ளன. அவற்றிலே சமையலறை தனியாக உண்டு, மேசைக்கும் இடமுண்டு. லயங்களை விட்டு அவ்வீடுகளுக்குப் பெயர்வோர், தப்பி எஞ்சிய பித்தளைக் குடத்தையும் தவலையையும் பழைய இரும்பு வாங்குவோரிடம் எடைக்குக் கொடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்குகின்றனர். வாங்குவோர் கலத்தைத் தராசிலே வைக்கும்பொழுது கழுத்திலுள்ள பெயரைப் படிப்பதில்லை. அது உருக்குவதற்குப் போகின்றது.